‘பார்த்தவர்’ என்றொரு கட்டம்

என் பிரிவுபசாரத்தன்று, மிக்சர் தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு வந்த புதிய செவிலியர் ஒருவர், அலமாரியிலிருந்த பழைய நாய்க்கடிப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டே என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். அச்சடித்த பதிவேட்டில் எட்டுக் கட்டங்கள்தானே உண்டு, ஓரத்தில் அடிக்கோல் வைத்து ஒன்பதாவதாக ஒரு கட்டம் கையால் போட்டு, தலையில் ‘பார்த்தவர்’ என்று எழுதியிருக்கிறதே, அது எதற்கு? இது முதல் கேள்வி. இத்தனை சுத்தமான பதிவேட்டில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மை இழுபட்டுக் கலைந்திருக்கிறதே, அது எப்படி? இது இரண்டாவது.

“பழக்கம்மா” என்று முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டாவதற்குப் பதில் சொல்லவில்லை. நான்கு நாற்பது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பி வந்துவிட்டேன். நேரமாகியிருந்தது உண்மை. ஆனால் நான் பதில் சொல்லாததற்கு பஸ் காரணமில்லை.

ஊசி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். வலது கை விரல்களில் நடுக்கம் வந்ததால் ஐம்பத்து மூன்று வயதிலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவன் நான். எழுத்து முன்போல் நேராக வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவிலில் நான் கம்பவுண்டராக இருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். இதில் உள்ள தவறு என்னுடையது. கட்டிடத்துக்கு அதில் பங்கில்லை.

இப்போது கையில் போடும் மருந்தெல்லாம் வரத் தொடங்கிவிட்டது. எழுபதுகளில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. தினமும் ஒன்று. நாலாவது ஊசிக்கு வயிறு வீங்கிவிடும். ஏழாவது ஊசிக்கு ஊசி போடும் இடம் தேட வேண்டியிருக்கும். அதிலிருந்து தப்ப ஒரே ஒரு வழி இருந்தது. கடித்த நாய் பத்தாவது நாளிலும் உயிரோடு, நல்லபடியாக இருந்தால், மீதி ஊசியை டாக்டர் நிறுத்திவிடலாம். ஆகவே பத்தாவது நாள் வந்தால் எல்லா நாயும் உயிரோடு இருக்கும். ஊரில் ஒரு நாய்கூடச் செத்திருக்காது.

ராயகிரிப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் அப்படித்தான் வந்தார்.

“நாய் கல்லு மாதிரி இருக்கு அண்ணாச்சி. எழுதிக்கிடும்.”

“நீரு பாத்தீரா?”

“எம் மச்சினன் பாத்தான்.”

“மச்சினன் எங்கன வச்சிப் பாத்தான்?”

“அவன் பொண்டாட்டி சொன்னாளாம்.”

“அவ பாத்தாளா?”

ஆட்டுக்காரர் தலைப்பாகையைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “ஏன் வே, ஒத்த நாய்க்கு இத்தன சாட்சியா? கோர்ட்டுலகூட இம்புட்டுக் கேக்க மாட்டான்.”

வரிசை முழுவதும் சிரித்தது. “மேசையில படும்” என்றேன். என் வம்சத்தையே திட்டிக்கொண்டு படுத்தார். மறுநாள் அவரே வந்து, நாய் முள்வேலிக்குப் பின்னால் செத்துக் கிடந்ததாகவும், அது செத்து நாலைந்து நாள் ஆகியிருக்கும் என்றும், தானே போய்ப் பார்த்ததாகவும் சொன்னார். ‘தானே’ என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். பதினான்கையும் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு ஒவ்வோர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் ஊருக்கு வரும்போது ஜன்னலில் தலையை நீட்டி, “சாட்சி கேக்குற அண்ணாச்சி இருக்காரா?” என்று விசாரித்துவிட்டுத்தான் போவார்.

அந்த வாரம்தான் ஒன்பதாவது கட்டத்தைக் கோடு போட்டேன். ‘நாயின் நிலை’ என்று அச்சில் இருக்கும் எட்டாவது கட்டத்தை அடுத்து, ‘பார்த்தவர்’. நோயாளி தானே பார்த்திருந்தால் ‘தானே’ என்று எழுதுவேன். வேறு யாராவது பார்த்திருந்தால் அவரை வரவழைத்துக் கேட்டு, அவர் பெயரை எழுதுவேன். யாரும் பார்க்கவில்லை என்றால் ஊசி தொடரும்.

என்னைக் கெட்டிக்காரன் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி என்னுடையதல்ல.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது எங்களுக்கு ஒரு சார் இருந்தார். அவர் பெயரை எழுதுவதற்கு இன்னும் எனக்குக் கை வரவில்லை. சார் என்றே எழுதுகிறேன். அவர் எங்கள் ஒவ்வொருவரையும் ஒரு மழை நோட்டு வைத்திருக்கச் சொன்னார். தினமும் ஒரு வரி. மழை பெய்தது, அல்லது மழை இல்லை. எங்கள் ஊர் மழை உங்களுக்குத் தெரியும். மாதக்கணக்கில் ‘மழை இல்லை’ என்று எழுதி எழுதி எங்களுக்கு அந்த இரண்டு சொற்களிலும் கையெழுத்து மட்டும் அழகாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் சிவகிரிக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். போவதற்கு முன்பே சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து ‘மழை இல்லை’ என்று எழுதி வைத்துவிட்டேன். திங்கட்கிழமை சார் நோட்டுகளை வாங்கிப் பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் சங்கரன்கோவிலில் தெரு நிரம்பத் தண்ணீர் ஓடியிருக்கிறது. சிவகிரியில் சொட்டு இல்லை.

“சனிக்கிழம நீ பாத்தியாலே?”

“இல்ல சார். ஊர்ல இல்ல.”

“பொறவு எப்படி எழுதுன?”

“எப்பவும் பெய்யாதுல்லா சார்.”

வகுப்பு சிரித்தது. அவருக்கும் உதடு லேசாகக் கோணியது. அடிக்கவில்லை. நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்து, அந்த வரிக்குக் கீழே ‘இதை நான் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் கையெழுத்து அது. பிறகு சொன்னார்: “தெரியலன்னா தெரியலன்னு எழுது. அது ஒண்ணும் தப்பில்ல. பாக்காதத எழுதாத.”

மழை நோட்டு அந்த வருடத்தோடு முடிந்தது. நான் நிறுத்தவில்லை. வரி நீண்டு, நாட்குறிப்பாயிற்று. இன்றுவரை ஒவ்வொரு நாளும் முதல் வரி மழைதான்.

எட்டாம் வகுப்போடு என்னைத் தறியில் உட்கார வைக்க அப்பா தீர்மானித்தபோது, சார் மூன்று நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் பேசினார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்றாம் நாள் அப்பாதான் பொறுக்க முடியாமல், “சரி சார், கூட்டிட்டுப் போங்க” என்றார்.

வேலை கிடைத்ததும் நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று நாட்குறிப்பில் முந்தின நாளே நான்கு வரி எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். வாசலில் நின்றதும் நான்கும் போய்விட்டது.

“நோட்டு எழுதுதியாலே?” என்றார்.

“எழுதுதேன் சார்.”

“சரி, போ.”

அவ்வளவுதான். அந்த நான்கு வரி அப்படியே இருக்கிறது. அதை நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

எழுபதுகளின் பிற்பாதியில், தை கடைசியில் ஒரு புதன்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு, ஊசி வரிசையில் எட்டாவது ஆளாக சார் நின்றுகொண்டிருந்தார். வலது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. அப்போது அவர் கரிவலம்வந்தநல்லூரில் குடியிருந்தார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருடத்தோடு ஓய்வு. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையில் வாய் வைத்த செவலை நாயை விரட்டப் போய், அது கடித்துவிட்டது.

நான் எழுந்து ஓடினேன். “சார், நீங்க முன்னால வாங்க.”

“எனக்கு முன்னால ஏழு பேரு நிக்காவல்லா. எண்ணத் தெரியும்லா ஒனக்கு?”

வரிசையில் நின்ற பூக்காரம்மா விடவில்லை. “ஏன் சார், நாய்க்கு வீட்டுப்பாடம் குடுத்தியளோ? அது எழுதாம வந்து கடிச்சிட்டோ?”

“எழுதிருந்தா கடிச்சிருக்காதே” என்றார் சார். ஊசி வரிசையில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

அவர் முறை வந்தது. மேசையில் படுத்துச் சட்டையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் மேல் பொத்தானைக்கூடக் கழற்றாத மனிதர். எனக்குப் பார்க்கக் கூசியது.

“என்னலே, ஊசியோட நின்னுட்ட? பரீச்சையா எழுதுத?”

“இல்ல சார்.”

“பொறவென்ன. குத்து.”

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ என்று எழுத வந்தேன். நான்காவது நாள்தான், சனிக்கிழமை. ஊசி போட்ட பிறகு அவர் மேசை அருகே நின்று பதிவேட்டைப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு தலைப்பாகப் படித்து, கடைசிக் கட்டத்தில் நிறுத்தினார்.

“இது அச்சுல இல்லையே. யாரு போட்டது?”

“நான்தான் சார்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “நல்ல கட்டம்லே” என்றார். என் வேலைக்காலம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் நான் நாட்குறிப்பில் கோடு போட்டு வைத்தது அது ஒன்றைத்தான்.

அவர் அவசரம் எனக்குத் தெரியும். பங்குனியில் அரசுத் தேர்வு. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை அவர் தனி வகுப்பு வைத்திருந்தார். எங்கள் ஊசி அறை எட்டரைக்குத்தான் திறக்கும். ஊசிக்கு வந்த நாளெல்லாம் அந்த வகுப்பு இல்லை. “கடைசி வருசம். இவனுவள இப்பிடி விட்டுட்டுப் போக முடியாதுலே” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

பத்தாவது நாள், வெள்ளிக்கிழமை. காலை எட்டு ஐம்பது. அன்று சார் வரிசையில் நிற்கவில்லை. கதவருகே குடையோடு நின்றார்.

“ஏலே, இன்னிக்குப் பத்து நாளாச்சில்லா. நாய் உசுரோட நல்லா இருக்கு. இதோட நிறுத்திக்கிடுவோம். ஒம்பதே காலுக்கு பஸ்.”

என் வாயில் கேள்வி வந்துவிட்டது. நீங்க பாத்தியளா சார்? மூன்றே சொல். அந்த வாரத்தில் மட்டும் பதினோரு பேரிடம் கேட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்த முகம். அவரிடமே அதைத் திருப்பிக் கேட்டால், நீ பொய் சொல்லுகிறாய் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகும் என்று எனக்குத் தோன்றியது. வாத்தியார் முன்னால் பெஞ்சில் உட்காராத, அவர் நிழலை மிதிக்காத பிள்ளைகள் நாங்கள்.

“சரி சார்” என்றேன்.

டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். டாக்டரைச் சுற்றி இருபது பேர். அவர் நிமிராமலே, “நாயைப் பத்திச் சரியா விசாரிச்சீங்கல்ல?” என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

எட்டாவது கட்டத்தில் ‘உயிருடன் உள்ளது’ என்று எழுதினேன். ஒன்பதாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத முடியவில்லை. கேட்கவும் முடியவில்லை. முதலாவது அவர் கற்றுக்கொடுத்தது, இரண்டாவது அவர்மேல் எனக்கிருந்த மரியாதை. கட்டத்தை வெறுமையாக விட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் நாட்குறிப்பில் ‘சார் ஊசியை நிறுத்தினார்’ என்று எழுதினேன். ‘நிறுத்தினேன்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

மாசி போயிற்று. பங்குனியில் தேர்வும் முடிந்தது. சித்திரை இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. சாரையும், சார் வீட்டம்மாவையும், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் இறக்கிவிட்டது. மூன்று நாளாகக் காய்ச்சல், விரலிலிருந்து தோள்வரை மரத்துப்போய் வலி, நேற்றிலிருந்து தண்ணீர் இறங்கவில்லை என்றார் அம்மா. அந்தக் கடைசிச் சொற்களைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான்தான் கொண்டுபோனேன். டம்ளரைப் பார்த்ததும் சாரின் தொண்டை இழுத்துக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஏலே, தண்ணியப் பாத்தா பயமா இருக்குலே. எனக்கே வெக்கமா இருக்கு” என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார். சாரைக் கடித்த செவலை நாய் நாலாவது நாளே பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் செத்துவிட்டதாம். டீக்கடை வாசலில் படுத்திருப்பது அதனோடு பிறந்த இன்னொரு செவலை. “எங்களுக்கே இப்பந்தான் தெரியும் அண்ணாச்சி. யாரும் கேக்கலையே” என்றார்.

டாக்டர் பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். வெறுமையாக இருந்த கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பக்கத்தைப் பின்னால் திருப்பினார், முன்னால் திருப்பினார். வேறெங்கும் ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். பதிவேட்டை மூடி என்னிடம் நீட்டி, “மீதி ஊசியைப் போட்டிருந்தாலும் நிச்சயமாச் சொல்ல முடியாது” என்றார். அதை எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோனாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. சாருக்கும் அது தெரிந்திருந்தது. பின்பக்கத்து அறையில் ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்திப் படுக்க வைத்தோம். காற்றுப் பட்டாலும் தொண்டை இழுக்கும். நடுநடுவே தெளிவு வரும். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அப்படி ஒரு தெளிவு வந்தபோது நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன். அம்மா வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தார்.

“பயலுவ பரீச்ச நல்லா எழுதுனானுவ” என்றார் சார்.

“ஆமா சார்.”

“நீ பாத்தியா?”

“இல்ல சார்.”

அவர் உதடு பழையபடி லேசாகக் கோணியது. பிறகு கேட்டார்:

“அந்தக் கட்டத்துல என்னலே எழுதியிருக்க?”

எந்தக் கட்டம் என்று நான் கேட்கவில்லை. “ஒண்ணும் எழுதல சார்.”

“நான் பாக்கலலே. வீட்டுல அவதான் பாத்தேன்னு சொன்னா. அவ கண்ணுல புரை. ஆளையே கிட்ட வந்தாத்தான் தெரியும். அது எனக்குத் தெரியும்லா. நடந்து போயிப் பாத்திருந்தா கால் மணி நேரம். பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு போகல.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். “நான் கேட்டிருக்கணும் சார்.”

“கேட்டிருக்கணும்” என்றார். அதில் கோபம் இல்லை. தப்பான கணக்கைச் சுட்டிக்காட்டும்போது அவர் குரல் அப்படித்தான் இருக்கும். “கேட்டிருந்தா நான் முழிச்சிருப்பேன். ஒங்கிட்ட எனக்குப் பொய் வராது.”

மூச்சு வாங்கினார். நான் எழுந்து டாக்டரைக் கூப்பிடப் போனேன். கையால் உட்கார் என்று காட்டினார்.

“அவ ஒன்னத் தேடி வருவா. கண்டிப்பா வருவா. தான் சொன்னதாலதான்னு அவளுக்குத் தோணிட்டுன்னா அவ பொழைக்க மாட்டா. அதுல என் பேர எழுது. நான் போயி நேர்ல பாத்துட்டு வந்துதான் ஒங்கிட்டச் சொன்னேன்னு எழுது.”

“நீங்க பாக்கலையே சார்.”

“பாக்கல. எழுது.”

“சரி சார்” என்றேன். அவரிடம் நான் சொன்ன கடைசிச் சொற்களும் பத்தாவது நாள் சொன்ன அதே சொற்கள்தான்.

புதன்கிழமை பகல் இரண்டு ஐந்துக்கு சார் போய்விட்டார். கரிவலம்வந்தநல்லூரில் அடக்கம். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். யாரும் சொல்லாமலே உயர வாரியாக நின்றிருந்தார்கள்.

அவருக்குச் சொன்னபடி நான் எழுதவில்லை. தினமும் பதிவேட்டைத் திறப்பேன். அந்தப் பக்கத்தை எடுப்பேன். பேனாவை மூடி வைத்துவிடுவேன். அவரே சொன்னாலும், பார்க்காததை எழுதக்கூடாது என்று சொன்னதும் அவர்தானே.

அடக்கம் முடிந்து பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு சார் வீட்டம்மா வந்தார். தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். பலகையில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“தம்பி, ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்.”

“சொல்லுங்கம்மா.”

“நாய் உசுரோட இருக்குன்னு அவியகிட்டச் சொன்னது நான்தான். டீக்கட வாசல்ல படுத்துக் கெடந்துச்சி. இப்பம் எல்லாரும் அது வேற நாயிங்காவ. என் பேச்சக் கேட்டுத்தான் ஊசிய விட்டாவளா?”

“பதிவேட்டப் பாத்துச் சொல்லுதேன்மா” என்று உள்ளே போனேன்.

மேசைமேல் பதிவேடு. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிழல் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அது உண்மை. அவர் பஸ் ஏறி அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய், அந்த டீக்கடை வழியாகத்தான் ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியின் பாரத்தை அவர் சுமக்க வேண்டும். பேனாவைத் திறந்தேன். அந்த வெறுமையான கட்டத்தில் ‘தானே’ என்று எழுதினேன். வெளியே எடுத்து வந்து விரித்துக் காட்டினேன்.

“இது நாய் எப்படி இருந்துச்சின்னு எழுதுற கட்டம். இது, அத யாரு பாத்தாங்கன்னு எழுதுற கட்டம். வாசிங்கம்மா.”

அவர் பதிவேட்டைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, வேதப்புத்தகம் வாசிப்பதுபோல் எழுத்தின் மேல் விரலை வைத்து நகர்த்தினார்.

“தானே” என்று வாசித்தார். “அப்பம் அவியளே போயிப் பாத்திருக்காவ.”

“ஆமாம்மா.”

“எங்கிட்டச் சொல்லலையே.”

“பஸ்ஸுக்கு அவசரமா வந்தாங்கம்மா.”

இப்போதுதான் பலகையில் உட்கார்ந்தார். நீண்ட மூச்சு ஒன்று வந்தது. “அவிய பாக்காத ஒண்ண எழுத விட மாட்டாவ. நீங்களும் எழுத மாட்டிய. அவிய புள்ளதான நீங்க” என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய ஆள்காட்டி விரலில் நீலமாக ஈர மை. எத்தனையோ வருடமாக ஒற்றுத்தாள் வைக்காமல் ஒரு வரி எழுதாதவன், அன்று மறந்துவிட்டேன். அவர் எழுந்து, விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். அந்த மையை அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. என் முகத்தை ஒரு முறை பார்த்தார். “வாரேன் தம்பி” என்று சொல்லிவிட்டுப் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.

மை ஏன் கலைந்திருக்கிறது என்று அந்தச் செவிலியர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

அந்தப் பிள்ளைகள் அந்த வருடம் எல்லோரும் தேறினார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை. சார் வீட்டம்மா போன புரட்டாசியில் காலமானார். அதனால்தான் இதை இப்போது எழுத முடிகிறது. சார் போன பிறகு நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அந்தக் கேள்வியை ஒருவரிடமும் கேட்காமல் விட்டதில்லை. தாசில்தாரிடம் கேட்டேன், போதகரிடம் கேட்டேன், எங்கள் டாக்டரின் மாமனாரிடமும் கேட்டேன். சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் கையை ஓங்கினார்.

நீங்களும் கேளுங்கள். ஆட்டுக்காரரிடம் கேட்பது எளிது. உங்களை ஆளாக்கியவர் வந்து மேசைக்கு முன்னால் நிற்கும்போது வாய் வராது. அப்போதுதான் கட்டாயம் கேட்க வேண்டும். மரியாதைக்குப் பயந்து நான் விழுங்கிய அந்த மூன்று சொல்தான் என் சாருக்கு நான் செலுத்தியிருக்க வேண்டிய நன்றி. மனப்பாடம் செய்த அந்த நான்கு வரி அல்ல.

அம்மா வந்துபோன அன்று இரவு நாட்குறிப்பில் வழக்கம்போல் மழையில் தொடங்கினேன். அதற்குக் கீழே நடந்ததை எழுதினேன். எழுதி முடித்து, ஒற்றுத்தாள் வைத்து எடுத்துவிட்டு, ஆறாம் வகுப்பில் செய்தபடி கடைசியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

‘மழை இல்லை. சார் நாயைப் பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதினேன். இதை நான் பார்க்கவில்லை.’